அம்மாவின் அறைக்குச் சாம்பல் நிறம்

வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க நினைப்பவர்கள் முதலில் நிற அட்டையைப் பார்க்கக்கூடாது, வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். காலை வெயில் எந்த அறைக்குள் வருகிறது, பின்னேர வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, வெளியே மரம் நிற்கிறதா, முற்றத்து மண் என்ன நிறம், இவ்வளவையும் பார்த்த பிறகுதான் நிறத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லித்தந்ததல்ல. புத்தூரில் எங்கள் வீட்டில்தான் பிறந்தேன், அங்கேயே ஐம்பது வயதையும் கடந்தேன். எந்தச் சுவர் எந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அம்மா இறந்த அன்று நீங்கள் வீட்டுக்கு வந்தபோது அறை யன்னல் ஏன் சாத்தியிருந்தது என்று கேட்டீர்கள். பெயின்ற் காயுமுன் தூசி ஒட்டிவிடும் என்று சொன்னேன். நீங்கள் தலையாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். நான் சொன்னது உண்மைதான். ஆனால் அது போதாது. மிச்சத்தைச் சொல்லத்தான் இன்றைக்கு நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்திருக்கிறேன்.

என் பெயர் உதயகலா. முன்பள்ளி ஆசிரியை. சின்னப் பிள்ளைகளுக்கு நிறங்களைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஒரு பிள்ளை சூரியனுக்கு நீலம் தீட்டினாலும் நான் பிழை என்று சொல்வதில்லை. அது அந்தப் பிள்ளையின் சூரியன்.

என் அண்ணை சிவகரன் ரொறன்ரோவில் இருக்கிறார். பள்ளிக்கூடம் முடித்த கையோடு போனவர். அவருடைய மகள் ஆரணிக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது. மாப்பிள்ளையும் கனடாதான். ஆனாலும் தாலி கட்டு ஊரில் நடக்க வேண்டும் என்று அண்ணை பிடிவாதமாக நின்றார். இரண்டு பக்கத்துச் சனமும் வந்து இறங்குமுன் வீட்டைத் திருத்திப் பெயின்ற் அடிக்க வேண்டும். எனக்கு உண்மையிலேயே சந்தோசம். அந்தச் சுவர்களில் பழைய சுண்ணாம்பு செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

கடையில் நிற அட்டைகளை வாங்கி வந்து சுவரில் ஒட்டிவைத்தேன். காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன், விளக்குப் போட்டும் பார்த்தேன். விறாந்தைக்கு வெங்காயத் தாளின் இளம் பச்சை. நடு அறைக்குச் சந்தனம். என் அறைக்கு மஞ்சள், கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வெட்டினால் உள்ளே தெரியுமே, அந்த மஞ்சள். அம்மாவின் அறைக்கு இளம் ரோசா. அந்த அறைக்குக் கிழக்கு யன்னல். காலை வெயில் பட்டால் ரோசாச் சுவர் அம்மாவின் முகத்துக்கு உயிர் கொடுக்கும் என்று நினைத்தேன். அம்மாவின் அறைக்குத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அட்டைகளைப் போனில் படம் பிடித்து அண்ணைக்கு அனுப்பினேன். அவர் வீடியோவில் கூப்பிட்டார்.

"உதயா, உந்தக் கோயில் நிறமெல்லாம் வேண்டாம். இப்ப ஒருத்தரும் உப்பிடி அடிக்கிறேல்லை. வீடு முழுக்கச் சாம்பலும் வெள்ளையும். ஆரணியும் அதுதான் வடிவெண்டு சொல்லுறாள்."

"அண்ணை, இது செம்மண் ஊர். தோட்டத்திலை காத்தடிச்சால் புழுதி முழுக்க வீட்டுக்குள்ளைதான். வெள்ளை அடிச்சால் ஒரு மாசத்திலை சிவந்துபோகும்."

"துடைச்சால் போச்சு."

யார் துடைப்பது என்று அவர் சொல்லவில்லை. அம்மா என் கையில் இருந்து போனை வாங்கினார். "நீ சொன்னபடியே செய் தம்பி. உவளுக்கு உதுகள் விளங்காது" என்றார். பெற்ற மகனைத் தம்பி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அம்மாவின் குரல் இளகிவிடும். மற்ற நேரத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

அம்மாவைப் பற்றி நீங்கள் பிழையாக நினைக்கக்கூடாது. கனகாம்பிகை என்றால் ஊரில் மரியாதை உண்டு. அப்பா செத்த பிறகு தோட்டத்தைக் குத்தகைக்கு விடாமல் தானே நின்று வெங்காயம் போட்டவர். மூச்சு இழுக்கும் தொய்வு வருத்தம் வந்துதான் அவரை வீட்டுக்குள் இருத்தியது. கடைசி வருசங்களில் எழும்பி நடக்க என் தோள் வேண்டும். குளிப்பாட்டுவது, முதுகுக்கு எண்ணெய் பூசுவது, இரவில் மூச்சு இழுத்தால் நிமிர்த்திப் பிடிப்பது எல்லாம் நான். ஒருமுறை வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை பட்டு மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் வைத்திருந்துதான் கூட்டிவந்தோம். அதற்குப் பிறகு வாயில் வைத்து இழுக்கும் பம்ப் எப்போதும் கட்டில் தலைமாட்டு மேசையில் இருக்கும். அதை அங்கே வைப்பதும் நான்தான்.

எனக்கு வட்டுக்கோட்டையில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல மனுசர். அம்மாதான் வேண்டாம் என்றார். "இவளும் போனால் என்னை ஆர் பாக்கிறது?" என்று தரகரிடமே கேட்டார். சீதனமாக எனக்கு வர வேண்டிய வீடு, நான் கலியாணம் கட்டாமல் இருந்தபடியால் அண்ணையின் பெயருக்குப் போனது. இதில் எனக்குக் கோபம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பெயின்ற் வேலைக்கு ஏரம்பு வந்தார். எங்கள் ஊர்க்காரர். விறாந்தை சாம்பலானது, நடு அறை வெள்ளையானது. என் அறைக்கு வந்தபோது மட்டும் அண்ணையிடம் கேட்டேன்.

"என்ரை அறைக்கு மட்டும் மஞ்சள் அடிக்கிறன் அண்ணை. கதவைச் சாத்தினால் ஒருத்தருக்கும் தெரியாது."

"ம்... பாப்பம்" என்றார்.

இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஏரம்பு மஞ்சளைக் கலக்கினார். நான் பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிச் சரியான நிறத்துக்குக் கொண்டுவந்தேன். அடித்து முடித்ததும் நெடுநேரம் கட்டிலில் இருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். விடியற்காலையில் வெளிச்சம் வருமுன்னே அந்தச் சுவர் விழித்துவிடும். நான் எழும்பும்போது எனக்கு முன்னால் ஒருவர் எழும்பி அறையைச் சூடாக்கி வைத்திருப்பது போல இருக்கும். வேறு யாரும் எனக்கு அப்படிச் செய்ததில்லை.

ஒரு கிழமைகூட முழுதாக முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் முன்பள்ளியால் வந்தேன். அம்மா என் அறை வாசலில் கதிரை போட்டு இருந்தார். ஏணியில் ஏரம்பு. மூன்று சுவர் சாம்பலாகியிருந்தது. நாலாவதில் பாதி.

"அம்மாதான் சொன்னவ ரீச்சர்" என்றார் ஏரம்பு. என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"தம்பி வீடியோவிலை கண்டிட்டான்" என்றார் அம்மா. "மாப்பிள்ளை வீட்டுச் சனம் இந்த அறையிலைதான் தங்குமாம். மஞ்சக் காமாலை பிடிச்ச மாதிரிக் கிடக்கெண்டு அவனுக்கு ஒரே மனவருத்தம். உன்ரை சாமான் எல்லாம் பின் அறையிலை வைச்சிருக்கு."

பின் அறை என்பது வெங்காயப் பிடிகளைத் தொங்கவிட்டு நெல் மூட்டைகளை அடுக்கிவைக்கும் இடம். என் கட்டில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"என்னைக் கேட்டிருக்கலாமே அம்மா."

"உனக்கேன் பிள்ளை நிறம்? பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்திலை நிக்கிறாய். இரவிலை கண்ணை மூடினால் எல்லாம் கறுப்புத்தானே."

அம்மா இதைக் கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

தேத்தண்ணி போட்டு அம்மாவுக்கும் ஏரம்புவுக்கும் கொடுத்தேன். பிறகு அந்த அறைக்குள் போய்ச் சுவர் ஓரமாகத் தேடினேன். சுவிச்சுக்குப் பக்கத்தில் நகத்தளவு மஞ்சள் மிச்சம் இருந்தது. ஏரம்பு அதையும் கண்டு பிறஷ் நுனியால் மூடிவிட்டார். வேலையில் அவர் சுத்தம்.

என்னை அமைதியானவள் என்று முன்பள்ளியில் எல்லாரும் சொல்வார்கள். சுண்ணாம்பு நீற்றிய வாளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொதித்து அடங்கிய பிறகு வெறும் வெள்ளைத் தண்ணீர் மாதிரி அசையாமல் இருக்கும். கையை விட்டுப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

மிச்சம் இருந்தது அம்மாவின் அறை. அதற்கும் அண்ணையிடம் திட்டம் இருந்தது. சுவரின் மேல்பாதி வெள்ளை. கீழ்ப்பாதிக்குச் சாம்பல் எனாமல். தண்ணீர் விட்டுக் கழுவலாம், மருந்து சிந்தினாலும் பிடிக்காது என்றார். மேல்பாதியை ஏரம்பு அடித்துவிட்டார். அது மணக்காத பெயின்ற். எனாமலும் தின்னரும் வந்து இறங்கிய நேரம், அவருக்குக் கரவெட்டியில் கோயில் வேலை ஒன்று அவசரமாக வந்தது.

"திரும்பி வந்து அடிக்கிறன் ரீச்சர். உது கடுமையா மணக்கும். அடிக்கேக்கை அம்மாவை ரெண்டு மூண்டு நாளைக்கு வேறை எங்கையும் வைச்சிருங்கோ. அவவின்ரை மூச்சுக்கு உது ஒத்துவராது."

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. எனக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டது.

அவசரப்பட்டது அம்மாதான். "திங்கட்கிழமை தம்பி வீடு முழுக்க வீடியோவிலை பாக்கப்போறான். என்ரை அறையை மட்டும் அரைகுறையா விட்டால் என்ன நினைப்பான்? ஏரம்பு வருமட்டும் இருக்கேலாது. நீ அடியன்."

"அப்ப நீங்கள் எங்கை படுப்பியள்?"

"உன்ரை அறையிலை படுக்கிறன்."

உன்ரை அறை என்றுதான் சொன்னார். பழக்கத்தில் வந்திருக்கும்.

"அங்கை புதுக் கட்டில் போட்டிருக்கு அம்மா. சனம் வருமட்டும் பொலித்தீன் உறை கழட்டக் கூடாதெண்டு அண்ணை சொன்னவர்."

அம்மா தன் கட்டிலிலேயே கிடக்கச் சம்மதித்தார். அண்ணை சொன்னவர் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சுக் கிடையாது. ஆயுள் முழுக்க எனக்கு எதிராக இருந்த சொல்லை அன்றைக்குத்தான் நான் முதல்முறை என் கையில் எடுத்தேன். நல்ல பாரமாக இருந்தது.

விறாந்தையில் சாய்ந்து இருக்கக் கதிரை இருந்தது. பின் அறையில் என் கட்டிலும் இருந்தது. நீங்கள் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை, முன்பள்ளி இல்லை. காலைச் சாப்பாடு கொடுத்து, மருந்து கொடுத்து, அம்மாவின் கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்தேன். பழைய சீலைகளை நிலத்தில் விரித்தேன். யன்னல்களைச் சாத்தினேன். விறாந்தைக் கதவின் எனாமலில் தூசி ஒட்டியிருந்ததை அண்ணை வீடியோவில் கண்டு ஏசியிருந்தார். "இனி யன்னலைச் சாத்திப்போட்டு அடியுங்கோ" என்பது அவருடைய கட்டளை. மின்விசிறியையும் அதே காரணத்துக்காக நிற்பாட்டினேன். எல்லாம் அண்ணை சொன்னபடிதான் நடந்தது.

தலைமாட்டு மேசையை வெளியே கொண்டுபோய் நடு அறையில் வைத்தேன். அதில் பெயின்ற் தெறிக்கக்கூடாது. பம்ப் மேசையில் இருந்தது. அதை நான் பார்த்தேன். எடுத்து அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு நிமிசமும் வேண்டாம். மேசையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனேன். இதை அண்ணை சொல்லவில்லை.

தின்னரைக் கலந்து அடிக்கத் தொடங்கினேன். எனக்கே கண் எரிந்தது. சாரியின் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டேன். அம்மா கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருமினார்.

"மணக்குது பிள்ளை. யன்னலைக் கொஞ்சம் திற."

"தூசி ஒட்டும் அம்மா. அண்ணை ஏசுவார். இன்னும் ஒரு சுவர்தான்."

"கெதியா முடி."

கெதியாக முடிக்கவில்லை. எனாமலைக் கெதியாக அடித்தால் வழியும். ஒரே பக்கமாக இழுத்து, ஓரங்களைச் சரிபார்த்து, அவசரப்படாமல் அடித்தேன். நல்ல வேலை என்றுதான் சொல்வேன். நீங்களும் அந்தச் சுவரைப் பார்த்தீர்கள். ஏரம்புகூடப் பிறகு வந்து பார்த்துவிட்டு ஒரு குறையும் சொல்லவில்லை.

முடித்துவிட்டுப் பிறஷ்களையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். வெளிக்கொண்டியைப் போட்டுத் தாழிட்டேன். அன்றைக்கு உங்களிடம், நான் கிணற்றடியில் பிறஷ் கழுவிக்கொண்டு நின்றேன், அம்மா நித்திரை என்று நினைத்தேன் என்று சொன்னேன். அது பொய். கிணற்றடிக்கு நான் போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம், நடு அறையில், அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். பிறஷ் என் கையிலேயே காய்ந்துபோனது.

சத்தம் அடங்கி நெடுநேரத்துக்குப் பிறகு கதவையும் யன்னல்களையும் திறந்தேன். மேசையைப் பழைய இடத்தில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் றோட்டுக்கு ஓடிப்போய் ஓட்டோவை மறித்தேன். ஒரு யன்னல் பழையபடி காற்றுக்குச் சாத்திக்கொண்டது. அதைத்தான் நீங்கள் கண்டீர்கள். ஆஸ்பத்திரியில் தொய்வு என்றார்கள். வயதையும் வருத்தத்தையும் பார்த்து மரண விசாரணையிலும் அப்படியே முடிந்தது. ஒருவரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அம்மாவை நான் பார்த்த மாதிரி ஊரில் யாரும் பார்க்கவில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

நான் அப்படியே இருந்திருப்பேன். வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

அண்ணை வந்தார். செத்தவீட்டில் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் அம்மாவைச் சாகக்குடுத்தனான்! பெயின்ற் அடி எண்டு சொன்னது நான், யன்னலைச் சாத்து எண்டு சொன்னது நான்" என்று குளறினார். சனம் முழுக்க அவரைச் சுற்றி நின்று தேற்றியது. தாயில் எவ்வளவு பாசம் என்று வியந்தது. எனக்கு ஒருவர் சோடா கொண்டுவந்து தந்தார். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்களிடமும் அண்ணை இதையே சொன்னார். ஒவ்வொருமுறையும் அழுதார், ஒவ்வொருமுறையும் தேற்றப்பட்டார்.

நேற்று எல்லாரும் போன பிறகு அவர் என்னிடம் வந்தார். என் தலையில் கை வைத்தார்.

"உதயா, நீ ஒண்டுக்கும் மனதைப் போட்டுக் குழப்பாதை. நீ நான் சொன்னதைத்தானே செய்தனி. உன்னிலை ஒரு பிழையும் இல்லை. எல்லாம் என்னாலை வந்தது."

வீட்டை எடுத்தார், பேசாமல் இருந்தேன். என் அறையை எடுத்தார், அப்போதும் பேசாமல் இருந்தேன். அந்த வீட்டில் நானாக யோசித்து, நானாகத் தீர்மானித்து, என் கையாலேயே முடித்தது ஒன்றே ஒன்றுதான். அதையும் அவர் தன்னுடையது என்கிறார். அதற்கும் சனம் அவரைத்தான் தேற்றுகிறது. என்னிடம் இருப்பது அவர் சொன்னதைச் செய்யும் இரண்டு கைகள் மட்டும்தானாம்.

இரவு முழுக்க நித்திரை இல்லை. விடிந்ததும் குளித்துவிட்டு இங்கே வந்தேன்.

அண்ணை இப்போது வெளியே மரவாங்கில் உட்கார்ந்திருக்கிறார். தங்கச்சிக்கு மனம் சரியில்லை, தாய் போன கவலையில் பிதற்றுகிறாள் என்று உங்கள் ஆட்களிடம் சொல்வது எனக்கு இங்கே கேட்கிறது. அவர் உள்ளே வந்து உங்களுக்கும் விளங்கப்படுத்துமுன் நான் சொன்னதை எழுதி முடியுங்கள். எனக்கு மனம் சரியாகத்தான் இருக்கிறது. யன்னலைச் சாத்தச் சொன்னது அவர். பம்பை எடுத்தது நான். கொண்டியைப் போட்டது நான். என் அம்மாவை நான்தான் கொன்றேன். அவருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. கடைசி நேரத்தில் அம்மா "தம்பி, தம்பி" என்று அவரைத்தான் கூப்பிட்டதாக அண்ணையிடம் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுத்தான் அவர் இன்னும் அழுகிறார். அது உண்மை இல்லை. அம்மா என்னைப் பிள்ளை என்றோ, இஞ்சை என்றோதான் கூப்பிடுவார். சின்ன வயதில் வைத்திருந்த செல்லப் பெயரை அப்பாவின் செத்தவீட்டோடு விட்டுவிட்டார். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் இருந்து "கலா" என்று கூப்பிட்டார். கை கொண்டிவரைக்கும் போனது. ஆனால் திறந்தால் கூப்பிடுவது நின்றுவிடும். இன்னொருமுறை கேட்க வேண்டும்போல இருந்தது, நின்றேன். திரும்பவும் கூப்பிட்டார். மூச்சே இல்லாத இடத்தில் இருந்து மூச்சை எடுத்து என் பெயருக்குச் செலவழித்தார். அண்ணையை ஒருமுறையும் கூப்பிடவில்லை. பெரிய எழுத்தில் எழுதுங்கள்: கடைசியில் அம்மாவுக்கு வேண்டியிருந்தது நான்தான்.